கேள்வித் தொகுதிகளின் வரிசையைக் கலைப்பது: எதைக் கலைக்கலாம், எதை நகர்த்தக் கூடாது

இணையவழிக் கருத்தாய்வைத் தயாரிப்பவர்கள் கேள்விகளைப் பொருள்வாரியாகத் தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். வேலை பற்றி ஒரு தொகுதி, உடல்நலம் பற்றி ஒன்று, தூக்கம் பற்றி ஒன்று, வரவுசெலவு பற்றி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தனியாக எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால், பதிலளிக்கும் ஆயிரம் பேரும் இந்த நான்கையும் ஒரே வரிசையில்தான் காண்பார்கள். வரவுசெலவு எல்லோருக்கும் கடைசியில் வரும். எல்லோரும் சற்றுக் களைத்த நிலையில்தான் அதைத் தொடுவார்கள். அதற்குள் தங்கள் உடல்நலக் குறைகளையும் தூக்கமில்லாத இரவுகளையும் நினைத்துப் பார்த்து முடித்திருப்பார்கள். கிடைக்கும் விடையில் வரவுசெலவு பற்றிய உண்மையான கருத்து எவ்வளவு, அந்தத் தொகுதி நின்ற இடத்தால் வந்த மாற்றம் எவ்வளவு என்பதைப் பின்னால் எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரித்தெடுக்க இயலாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வரிசையில் பதில் சொன்னவர் ஒருவர்கூட அந்தத் தரவில் இருக்கமாட்டார் என்பதே காரணம். தொகுதிகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் சமவாய்ப்பு முறையில் மாற்றிக் காட்டும் வசதி கருத்தாய்வு மென்பொருள்களில் வந்தது இதற்காகத்தான்.

இந்த வசதி வரிசையின் பாதிப்பை நீக்கிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது எதையும் நீக்குவதில்லை. ஒரே தொகுதியின் மேல் மொத்தமாக விழுந்துகொண்டிருந்த பாதிப்பை எல்லாத் தொகுதிகளின் மேலும் பங்கிட்டுவிடுகிறது. ஒவ்வொருவரின் விடையிலும் வரிசையின் தடம் இருந்துகொண்டேதான் இருக்கும். மொத்தச் சராசரி ஒரு பக்கமாகச் சாயாது, அவ்வளவே. பங்கிட்டதைப் பிறகு அளந்து பார்க்க முடிகிறதா என்பது, யாருக்கு எந்த வரிசை காட்டப்பட்டது என்ற பதிவு கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் பலர் கலைக்கிறார்கள். பதிவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் குறைவு.

வரிசையால் விடை மாறுவது புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. 1948-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கம்யூனிச நாடுகளின் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் அனுமதித்து, அவர்கள் கண்டதைத் தங்கள் பத்திரிகைகளுக்கு எழுத விடலாமா என்ற கேள்வியை முதலில் கேட்டபோது ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் சம்மதித்தனர். அமெரிக்கச் செய்தியாளர்களைக் கம்யூனிச நாடுகள் அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு இதே கேள்வியைக் கேட்டபோது சம்மதம் 73 விழுக்காடாக உயர்ந்தது. தம் நாட்டுச் செய்தியாளர்களுக்கு உரிமை வேண்டும் என்று சொல்லிவிட்டவர்கள், அடுத்த நொடியே மற்றவர்களுக்கு மறுக்கக் கூசினார்கள். 1980-இல் ஹோவர்ட் ஷூமனும் ஸ்டான்லி பிரெஸ்ஸரும் இதை மறுபடி சோதித்தபோது வேறுபாடு குறைந்திருந்தது. ஆனால் 55-க்கும் 75-க்கும் இடையே அது அப்போதும் தெளிவாகவே தெரிந்தது. பியூ ஆய்வு மையம் 2008 டிசம்பரில் நடத்திய ஆய்வில், நாடு செல்லும் போக்கில் அதிருப்தி என்றவர்கள் 78 விழுக்காடு; குடியரசுத் தலைவர் புஷ்ஷின் செயல்பாட்டைப் பற்றிக் கேட்ட கையோடு அதே கேள்வி வந்தபோது அது 88 விழுக்காடு.

விழுக்காடுகள் மாறுவதைவிடவும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. 1988-இல் ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் வாழ்க்கையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்றும், எத்தனை முறை காதல் சந்திப்புக்குச் செல்கிறீர்கள் என்றும் கேட்கப்பட்டது. மகிழ்ச்சி பற்றிய கேள்வி முதலில் வந்தபோது இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எந்த அளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) −0.12. சந்திப்பு பற்றிய கேள்வி முதலில் வந்தபோது அது 0.66. ஒரு வரிசையில் தொடர்பே இல்லை. மறு வரிசையில் வலுவான தொடர்பு. இரண்டு தொகுதிகளுக்கு இடையே உள்ள உறவை ஆராய்வதற்கென்றே கருத்தாய்வு நடத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் கண்டுபிடித்ததாக எண்ணும் உறவு வினாத்தாளின் அமைப்பிலேயே உருவாகியிருக்கக்கூடும்.

இவையெல்லாம் அடுத்தடுத்து நின்ற கேள்விகள். இடையில் வேறு பொருள் குறுக்கிட்டால் இத்தகைய ஈர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே தொகுதிகளைக் கலைப்பதால் கிடைக்கும் முதன்மையான ஆதாயம் இதுவல்ல, களைப்பைப் பங்கிடுவதே என்பது என் கருத்து. காலேஷிச், போஸ்ன்யாக் ஆகிய இருவரும் 2009-இல் வெளியிட்ட இணையவழி ஆய்வு இதற்கு நல்ல சான்று. அவர்கள் பதிலளிப்பவர்களிடம் வினாத்தாள் 10, 20 அல்லது 30 நிமிடம் பிடிக்கும் என்று வெவ்வேறாக அறிவித்து, பொருள்வாரித் தொகுதிகளின் வரிசையையும் கலைத்துக் கொடுத்தார்கள். அறிவித்த நேரம் கூடக் கூட, தொடங்கியவர்களும் முடித்தவர்களும் குறைந்தார்கள். பின்னால் வந்த கேள்விகளுக்கு விடைகள் விரைவாக வந்தன, சுருக்கமாக இருந்தன, அட்டவணை வடிவக் கேள்விகளில் வரிக்கு வரி ஒரே விடையாக விழுந்தன. அதே கேள்விகள் சிலருக்கு முன்னாலும் சிலருக்குப் பின்னாலும் வந்ததால்தான், குற்றம் கேள்வியுடையதல்ல, இடத்துடையது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

பாதியில் விட்டுப்போகிறவர்களின் கணக்கும் இதோடு சேர்ந்தது. வரிசை நிலையாக இருந்தால் விடுபட்ட விடைகள் அனைத்தும் கடைசித் தொகுதியில் குவியும். அந்தத் தொகுதிக்குப் பதில் சொன்னவர்கள் பொறுமைசாலிகள் மட்டுமே. கலைத்தால் விடுபடுதல் எல்லாத் தொகுதிகளிலும் ஏறக்குறைய சமமாகப் பரவும். மொத்த இழப்பு குறையாது. ஆனால் ஒரு தொகுதி மட்டும் பலியாவது நிற்கும்.

மென்பொருள்கள் இதைச் செய்யும் விதம் ஒன்றுபோல் இல்லை. லைம்சர்வேயில் ஒவ்வொரு கேள்வித் தொகுதியின் அமைப்புப் பக்கத்திலும் கலைப்புக் குழுவின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. ஒரே பெயர் எழுதப்பட்ட தொகுதிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும். பெயர் எழுதாதவை தம் இடத்திலேயே நிற்கும். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது தொகுதிகளுக்கு ஒரே பெயர் கொடுத்து நான்காவதை வெறுமனே விட்டால், அந்த நான்கும் அந்த நான்கு இடங்களுக்குள்ளேயே மாறும், நான்காவது நகராது. இரண்டு வெவ்வேறு பெயர்களைப் பயன்படுத்தினால் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் உருவாகும். ஒன்றிலுள்ளது மற்றதற்குள் புகாது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அந்தத் தொகுதி தனிக்கூட்டமாகிவிடும், தன்னோடு தானே இடம் மாறும், அதாவது மாறவே மாறாது. மென்பொருள் இதைப் பிழையென்று சுட்டிக்காட்டப் போவதுமில்லை. தனிக் கேள்விகளுக்கும் இதே போன்ற பெயர்ப் பெட்டி இருப்பது இன்னொரு குழப்பம். அதில் ஒரே பெயரை எழுதினால் கேள்விகள் ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்கே தாவிவிடும். தொகுதியை நகர்த்த நினைத்தவர் கேள்விகளைச் சிதறடித்துவிட்டு, தூக்கத்தின் நடுவே வரவுசெலவுக் கேள்வி ஏன் வருகிறது என்று விழிப்பது இதனால்தான்.

குவால்ட்ரிக்ஸில் அணுகுமுறை வேறு. வினாத்தாளின் ஓட்டத்தை வரையும் பக்கத்தில் கலைப்பான் ஒன்றைச் செருகி, கலைய வேண்டிய தொகுதிகளை அதன் கீழே கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் காட்டலாம், ஆறில் மூன்றை மட்டும் காட்டு என்றும் சொல்லலாம், ஒவ்வொன்றும் சம அளவில் காட்டப்பட வேண்டும் என்று கட்டளையிடவும் முடியும். கலைப்பானுக்குள் இன்னொரு கலைப்பானையோ ஒரு குழுவையோ வைக்கலாம். பிரிக்கக் கூடாத இரண்டு தொகுதிகளை ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டை மட்டும் மற்றவற்றோடு இடம் மாற்றக் குழு உதவுகிறது. பகுதிகளை இடம் மாற்றும் வசதியே இல்லாத எளிய படிவங்களில், பிறந்த மாதத்தைக் கேட்டு, ஆண்டின் முற்பாதியில் பிறந்தவர்களை ஒரு வழியிலும் பிற்பாதியினரை மறு வழியிலும் அனுப்பும் உத்தி கையாளப்படுகிறது. ஒவ்வொரு வழிக்கும் எல்லாப் பகுதிகளையும் படியெடுத்து வைக்க வேண்டியிருப்பதால் இரண்டு வரிசைகளுக்கு மேல் இது தாங்காது.

கலைப்பினால் ஏற்படும் கோளாறுகளில் மிகவும் தீங்கானது சத்தமில்லாமல் நடப்பது. மேலே சொன்ன நான்கு தொகுதிகளையே எடுத்துக்கொள்வோம். வேலைத் தொகுதியில், இரவுப் பணி பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி. தூக்கத் தொகுதியில், பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒன்று. இரவுப் பணிக்கு ஆம் என்றவர்களுக்கு மட்டுமே அது தோன்ற வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. நிலையான வரிசையில் இது பிழையின்றி ஓடும். இரண்டு தொகுதிகளையும் கலைத்த பிறகு, பாதிப் பேருக்குத் தூக்கத் தொகுதி முந்திவிடும். அப்போது இரவுப் பணிக்கான விடை இன்னும் வெற்றாக இருக்கும்; வெற்று என்பது ஆம் அல்ல; ஆகவே நிபந்தனை நிறைவேறாது, கேள்வி தோன்றாது. பிழைச் செய்தி வராது. பதிலளிப்பவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. தரவில் பார்த்தால் இரவுப் பணியாளர்களில் பாதிப் பேரின் பகல்தூக்கக் கட்டம் காலியாக இருக்கும், அது பொருந்தாதவர்களின் காலிக் கட்டத்தைப் போலவே தோற்றமளிக்கும். இரவுப் பணிக் கேள்வியைக் கலையாத முதல் தொகுதிக்கு நகர்த்துவதே இதற்குச் சரியான தீர்வு. இரண்டு தொகுதிகளையும் ஒரே கட்டாகக் கட்டுவது அடுத்தபடி.

சொற்களிலும் இதே போன்ற சார்பு ஒளிந்திருக்கும். “முந்தைய பகுதியில் நீங்கள் கூறியபடி”, “கடைசியாக”, “இன்னும் ஒரே ஒரு பகுதிதான்”, “பகுதி 3” போன்ற தொடர்கள் நிலையான வரிசையை நம்பி எழுதப்பட்டவை. கலைப்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியின் முகவுரையும் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் பொருந்தும்படி திருத்தப்பட வேண்டும். ஒரு சொல்லுக்கு முதல் தொகுதியில் விளக்கம் தந்துவிட்டு மற்றவற்றில் அதை வெறுமனே பயன்படுத்துவதும் கூடாது.

எதை நகர்த்தக் கூடாது என்பதற்குச் சில உறுதியான விதிகள் உண்டு. ஒப்புதல் பெறும் பக்கமும் தகுதி பார்க்கும் கேள்விகளும் முதலில் நிற்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயர் தானாக நினைவுக்கு வருகிறதா என்று கேட்கும் தொகுதி, பெயர்ப் பட்டியலைக் காட்டும் தொகுதிக்கு முன்பே வர வேண்டும். மாறினால் முதல் கேள்விக்குப் பொருளே இராது. ஒட்டுமொத்த மதிப்பீட்டை முதலில் கேட்டுவிட்டுக் கூறுகளுக்கு இறங்கும் வினாத்தாளில் அந்த இறக்கம் காப்பாற்றப்பட வேண்டும். வருமானம், நோய், வன்முறை போன்ற கூச்சமூட்டும் பொருள்கள் முதல் பக்கத்தில் எதிர்ப்பட்டால் பலர் அங்கேயே வெளியேறிவிடுவார்கள். அந்தத் தொகுதிகளைப் பிற்பாதிக்குள் மட்டும் கலைக்கலாம். தரப்படுத்தப்பட்ட அளவைகள், அதாவது ஒரு பண்பை அளக்க முன்பே சோதித்து வைத்த கேள்விக் கூட்டங்கள், நிலையான கேள்வி வரிசையில் சோதிக்கப்பட்டவை என்பதால் அவற்றின் உள்வரிசையைத் தொடக் கூடாது. அத்தகைய அளவையை முழுத் தொகுதியாகவே நகர்த்துவதில் பொதுவாகத் தடையில்லை. தனிக் கேள்விகளைக் கலைப்பதைவிடத் தொகுதிகளைக் கலைப்பது பாதுகாப்பானது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொகுதிகளின் எண்ணிக்கை கூடும்போது வரிசைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். மூன்று தொகுதிகளுக்கு 6 வரிசைகள், நான்குக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720. நான்கு தொகுதிகளும் 240 பேரும் இருந்தால் வரிசைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் சமவாய்ப்பில் ஒரு வரிசைக்கு நான்கைந்து பேரும் இன்னொன்றுக்குப் பதினாறு பேரும் அமைவது இயல்பே. ஐந்து தொகுதிகளும் நூறு பேரும் என்றால் 120 வரிசைகளில் ஏறத்தாழ 68 மட்டுமே ஒரு முறையாவது தோன்றும். இதனால் பெரிய கேடில்லை, ஏனெனில் எல்லா வரிசைகளும் நிரம்ப வேண்டும் என்பது நம் தேவையல்ல; ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வோர் இடத்திலும் போதிய அளவு நின்றதா என்பதுதான் தேவை.

ஆட்கள் குறைவாக இருக்கும்போது சமவாய்ப்பை நம்பாமல் வரிசைகளை முன்கூட்டியே திட்டமிடுவது மேல். இதற்குப் பலரும் கையாளும் எளிய வழி சுழற்சி: அ ஆ இ ஈ, ஆ இ ஈ அ, இ ஈ அ ஆ, ஈ அ ஆ இ. ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை நிற்கிறது, பார்க்க நேர்த்தியாகவும் இருக்கிறது. ஆனால் நான்கில் மூன்று வரிசைகளில் ஆ-வுக்கு உடனே முன்னால் அ-தான் நிற்கிறது. அ ஆ-வைப் பாதிக்குமானால் சுழற்சி அதைச் சிறிதளவே குறைத்திருக்கிறது. ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் வில்லியம்ஸ் 1949-இல் வெளியிட்ட வடிவமைப்பு இக்குறையைப் போக்குகிறது: அ ஆ ஈ இ, ஆ இ அ ஈ, இ ஈ ஆ அ, ஈ அ இ ஆ. இதில் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வருவதோடு, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் உடனே முன்னால் சரியாக ஒருமுறைதான் வருகிறது. தொகுதிகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அத்தனை வரிசைகள் போதும். ஒற்றைப்படையானால் அதன் இரு மடங்கு வேண்டும். இந்த நான்கு வரிசைகளையும் நான்கு பாதைகளாக வரைந்து, பதிலளிப்பவரை அவற்றில் ஏதேனும் ஒன்றில் சமவாய்ப்பாக அனுப்பினால் போதும்.

மென்பொருளின் குலுக்கலைச் சந்தேகிக்க வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழலாம். நிலைபெற்ற மென்பொருள்களில் பொதுவாக வேண்டியதில்லை. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் சந்தேகிக்க வேண்டும். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் எளிதாகத் தோன்றும் இந்தச் செயலைத் தவறாகச் செய்வது மிகச் சுலபம். மூன்று பொருள்களில் ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றோடு மாற்றிக்கொண்டே போனால் 27 வழிகள் உண்டாகும். அவற்றை 6 வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாது. சில வரிசைகளுக்கு ஐந்தும் சிலவற்றுக்கு நான்கும் கிடைக்கும். ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த உறுதிமொழிப்படி மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட உலாவித் தேர்வுப் பக்கத்தில், வரிசைப்படுத்தும் கட்டளைக்குச் சமவாய்ப்பு எண்ணைக் கொடுத்துக் கலைக்க முயன்றிருந்தார்கள். விளைவு, அந்நிறுவனத்தின் சொந்த உலாவியில் அப்பக்கத்தைத் திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பாதித் தடவை ஐந்தாம் இடத்தில் போய் நின்றது. ஐந்தில் ஒரு தடவைதான் அங்கு நின்றிருக்க வேண்டும். தமக்கே பாதகமாக யாரும் வேண்டுமென்று கலைக்கமாட்டார்கள் என்பதால், இதை வெறும் நிரல் பிழை என்றே கருத வேண்டும். ஃபிஷர்–யேட்ஸ் என்ற பழைய முறையைப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

ஒருவருக்கு விழுந்த வரிசை கடைசிவரை மாறாமல் இருப்பதும் குலுக்கலைப் போலவே முக்கியம். அவர் முந்தைய பக்கத்துக்குப் போனாலும், பாதியில் சேமித்துவிட்டு மறுநாள் வந்தாலும் அதே வரிசைதான் தொடர வேண்டும். உள்ளமைந்த கலைப்பு வசதிகள் இதைப் பார்த்துக்கொள்ளும். லைம்சர்வேயில் சமவாய்ப்பு எண்ணைச் சூத்திரத்தால் தாமே உருவாக்குபவர்கள்தான் சிக்குவார்கள். சூத்திரக் கேள்வி பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்கிடப்படும். முதலில் 2 என்று விழுந்த எண் பின்னோக்கிப் போய் வந்ததும் 4 ஆகிவிடும். ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அதையே வைத்துக்கொள், வெற்றாக இருந்தால் மட்டும் புதிய எண்ணை இடு என்ற நிபந்தனையைச் சூத்திரத்தின் தொடக்கத்திலேயே சேர்ப்பது அங்கு வழக்கம்.

பதிவைப் பொறுத்தவரை, லைம்சர்வே ஒவ்வொரு விடையோடும் குலுக்கலுக்குப் பயன்பட்ட விதை எண்ணை (குலுக்கல் கணக்கு தொடங்கும் எண்) சேமிக்கிறது. ஆனால் விதை எண்ணைப் பார்த்து வரிசை இதுதான் என்று கண்ணால் படித்துவிட முடியாது. குவால்ட்ரிக்ஸில் தரவை இறக்கும்போது காட்டிய வரிசையையும் சேர்த்து இறக்குவதற்குத் தனித் தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கோப்பில் வரிசை இராது. ஆய்வைத் தொடங்குமுன் சோதனை விடைகளை உள்ளிட்டு, இறக்கிய கோப்பிலிருந்து ஒவ்வொரு தொகுதியும் எத்தனை முறை முதலில் வந்தது என்று எண்ணிப் பார்த்தால், பெயர்ப் பிழைகளும் விடுபட்ட பதிவும் அப்போதே வெளிப்படும்.

வரிசை பதிவாகியிருந்தால் பகுப்பாய்வில் ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு தொகுதியை முதலில் கண்டவர்களின் விடைகள் மற்ற மூன்றாலும் தீண்டப்படாதவை. அவர்களின் சராசரியை, அதே தொகுதியைக் கடைசியில் கண்டவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் வரிசையின் மொத்தப் பாதிப்பு எண்ணாகவே வந்துவிடும். வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதானால் எல்லா விடைகளையும் சேர்த்தே பயன்படுத்தலாம். பெரிதாக இருந்தால், எல்லா வரிசைகளின் சராசரியே உண்மை என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. அது பல சூழல்களின் கலவை, எவரும் அந்தக் கலவையில் வாழ்வதில்லை. அப்போது முதலில் கண்டவர்களின் விடைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையான வழி. நான்கு தொகுதிகள் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்த ஆட்களில் கால் பங்கே மிஞ்சுவார்கள் என்பதால், ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கலைப்பதே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டிய ஆய்வுகளும் உண்டு. ஒரே வினாத்தாளை ஆண்டுதோறும் நடத்தி மாற்றத்தை அளப்பவர்களுக்கு, வரிசையின் பாதிப்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் கழித்தலில் அது அடிபட்டுப்போகும். நடுவில் கலைப்பைப் புகுத்தினால் அந்த ஆண்டின் மாற்றம் மக்களுடையதா, வரிசையுடையதா என்று தெரியாமல் போகும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத் தேர்வு செய்யும் வினாத்தாள்களிலும் அப்படியே: ஒருவருக்குக் கடினமான தொகுதி முதலிலும் மற்றவருக்குக் கடைசியிலும் வந்தால் ஒப்பீடு நியாயமற்றதாகும். ஆண்டாய்வில் வரிசையை மாற்றியே தீர வேண்டுமென்றால், அந்த ஒரு சுற்றில் பாதிப் பேருக்குப் பழைய நிலையான வரிசையையும் மறுபாதிக்குக் கலைத்த வரிசையையும் கொடுத்து, இரண்டுக்குமான வேறுபாட்டை அளந்து அறிக்கையில் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து புதிய முறைக்கு முழுவதுமாக மாறிக்கொள்ளலாம்.